இரண்டு மணி ஷிப்ட் பஸ்

"வீட்டுக்குச் சக்கரம் இருந்தா, பேய் எப்படிம்மா கண்டுபிடிச்சு வரும்?"

இசைப்பிரியா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அயர்லாந்தில் கார்க் நகரத்தைத் தாண்டி, கடலை ஒட்டிய ஒரு புல்மேட்டில் கேரவனை நிறுத்தியிருந்தார்கள். கூரைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் ஆடுகள் நனைந்தபடி நின்றன. சத்யாவுக்குக் கார்க்கில் நர்ஸ் வேலை. விடுமுறை கிடைத்தால் இப்படி ஒரு கேரவனை வாடகைக்கு எடுப்பார்கள். அவள் ஓட்டுவாள், கணவன் சிலம்பரசன் சமைப்பான். நகரத்தையும் அதைச் சுற்றியிருக்கும் கிராமங்களையும் அவசரமில்லாமல் பார்த்து வருவார்கள்.

"வராதுடி. அதுக்கு வழி தெரியாது. தூங்கு," என்றாள் சத்யா.

பிள்ளையைத் தூங்கவைக்க எந்தத் தாயும் சொல்லும் பதில்தான். அது பொய் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

சில வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது, நெய்வேலியையும் அதே மாதிரி கேரவனில் சுற்றிக் காட்டு என்று மகள் அடம்பிடித்தாள். தங்க வேறு வழியும் இல்லை. நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நெய்வேலியில் வீடு கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸ். ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சத்யாவின் அப்பா ராஜாங்கமும் அப்படித்தான் கொடுத்தார். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. அவள் வளர்ந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

சென்னையில் ஒரு கேரவனைப் பிடித்தார்கள். பெரிய வேன். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, எல்லாம் இருந்தன. வடலூர் தருமச்சாலையில் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குள்ளஞ்சாவடியில் முந்திரிப் பழம் வாங்கிச் சாறு முழங்கை வரை வழியக் கடித்துத் தின்றார்கள். சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்த இசைப்பிரியா, "இவ்ளோ பெரிய பள்ளத்தை யாரும்மா மூடுவாங்க?" என்று கேட்டாள். சிலம்பரசன், "உங்க அம்மா ஊரு. அவங்களையே கேளு," என்று நழுவிக்கொண்டான்.

பழைய பிளாக்கின் முனையில் வீராயியின் டீக்கடை இன்னும் இருந்தது. சத்யா பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து இருக்கும் கடை. வீராயி வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாடி சத்யா இது? பஸ்ஸுக்குள்ள வூடா, வூட்டுக்கு அடியில பஸ்ஸா?"

"ரெண்டும்தாங்க்கா."

"கக்கூசும் உள்ளயேவா?"

"உள்ளயேதான்."

"அட கருமமே! அத்தையும் தூக்கிக்கினு ஊரூரா சுத்துறீங்களா?"

"அதனாலதாங்க டீசல் இவ்ளோ ஆவுது," என்றான் சிலம்பரசன்.

வீராயி சிரித்தாள். ஆனால் சத்யா பழைய குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாத்துட்டுச் சட்டுனு கெளம்பிடு. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அங்க இருக்காத."

"ஏங்க்கா?"

வீராயி குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள். "புள்ளைய வச்சிக்கினு என்னாத்த சொல்றது? கெளம்பிடு, அவ்ளோதான்."

ஆள் இல்லாத பிளாக். கதவுகள், ஜன்னல்கள் கழற்றப்பட்டு, வீடுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய வீடுகள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், நடுவில் ஒற்றைச் சுவர்தான். சத்யாவின் வீட்டு வாசலில் அப்பா வைத்த பலா மரம் மட்டும் ஓங்கி வளர்ந்திருந்தது. பழுத்து வெடித்த பழங்கள் கீழே கிடந்து ஈ மொய்த்தன. அந்த இனிப்பு நாற்றம் வெயிலில் தொண்டையை அடைத்தது.

மர நிழலில், இரண்டு வீட்டு வாசல்களுக்கும் நடுவே வண்டியை நிறுத்தினார்கள். சாப்பிட்டார்கள். சிலம்பரசன் மரத்தடியில் பாய் விரித்துப் படுத்தான். சத்யா மகளுடன் வண்டிக்குள் கண் அயர்ந்தாள். வெயிலுக்குக் காக்கைகூடக் கரையவில்லை. வீராயி சொன்னதைத் தூக்கம் மறக்கடித்துவிட்டது.

அரைத் தூக்கத்தில் ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பிரேக் கீச்சென்றது. கதவு தட்டித் திறந்தது. சரளைக் கல்லில் பூட்ஸ் காலடி. டிபன் கேரியர் ஆடி உரசும் ஓசை. நிலக்கரித் தூசியும் வியர்வையும் கலந்த வாசனை.

ஷிப்டுக்குப் போகிறவர்களின் வீடுகளில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழக்கம் உண்டு. பஸ் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பள்ளத்தில் உழைத்துவிட்டு வரும் மனுஷன் தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சின்ன வயதில் சத்யாவின் வேலை அதுதான். ஓடிப்போய்க் கதவைத் திறந்து அப்பாவின் கையிலிருந்து பையை வாங்குவாள். அன்பினால் வந்த பழக்கம். அது இப்படி ஒருவனுக்கு வழிவிடும் என்று யார் நினைப்பார்கள்?

கண் திறக்காமலே அவள் நாக்கு சொன்னது: "தொறந்துதான் இருக்கு. வாங்க."

சொன்ன பிறகுதான் விழிப்பு வந்தது.

இந்தப் பிளாக்குக்கு எந்தப் பஸ்ஸும் வருவதில்லை.

காலடி நின்றது.

வெளியே சிலம்பரசன் அலறினான். சத்யா ஜன்னலில் பாய்ந்து பார்த்தாள். அவன் மட்டும்தான் இருந்தான். ஆனால் அவன் வலது கை முதுகுக்குப் பின்னால், கை போகக் கூடாத பக்கமாக, மெதுவாகத் திருகிக்கொண்டு போனது. மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். பிறகு அவன் உடம்பு தரையிலிருந்து தூக்கப்பட்டு, பலா மரத்தில் ஓங்கி அடிக்கப்பட்டது. மறுபடி அடிக்கப்பட்டது. மரப்பட்டையில் அவன் நெற்றியின் ரத்தம் கோடாக இறங்கியது.

"சிலம்பு!"

ஓர் இரும்புக் கம்பி வண்டியின் பக்கவாட்டைக் கீறிக்கொண்டே வந்தது. பின்புறத்திலிருந்து முன்புறம். அவசரமே இல்லை.

கதவருகே வந்து நின்றது.

படியில் யாரோ கால் வைத்தார்கள். வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"எவன்டி உள்ள இருக்கான்?"

கிசுகிசுப்புத்தான். ஆனால் காதுக்குள் சூடாக விழுந்தது.

"யாருமில்ல... யாருமில்லங்க..."

கதவு பிய்ந்து தொங்கியது. அடுப்பிலிருந்த பாத்திரம் பறந்து வந்து சுவரில் நசுங்கியது. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாகச் சிதறியது. சத்யாவின் கூந்தலை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. அந்தக் கையின் சொரசொரப்பு, நகத்திலிருந்த கரித்துகள், எல்லாவற்றையும் அவள் தலைத்தோல் உணர்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் தொட்டியின் விளிம்பில் மோதியது. பல் உடைந்தது. வாய் முழுக்க ரத்தம்.

"எவன்டி?"

மறுபடி மோதியது.

"அம்மா!" என்று கட்டிலிலிருந்து இசைப்பிரியா கத்தினாள்.

கை கூந்தலை விட்டது.

குழந்தைக் குரல் வந்த திசையை அது திரும்பிப் பார்த்தது என்று சத்யாவுக்குப் புரிந்தது. தரை கனமாக அதிர்ந்தது, ஓர் அடி, இன்னோர் அடி. எழ முயன்றாள். கால் வழுக்கியது. காற்றைக் கிழித்துக்கொண்டு கம்பி ஓங்கும் ஓசை கேட்டது.

அப்போது தைல வாசனை வந்தது.

அடி விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் நர்ஸ் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா? ஆனால் இசைப்பிரியா கட்டிலின் மூலையில் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு கீறல் இல்லை.

மறுபடி அடி விழுந்தது. மறுபடி.

ஒவ்வொரு அடிக்கும் நடுவில், குழந்தைக்கு முன்னால் இருந்த வெற்றிடத்திலிருந்து, "ம்ம்" என்று ஒரு முனகல். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற பெண்ணின் முனகல். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கிப் பழகிய முனகல்.

சத்யாவுக்கு அது தெரியும். ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சிறுமியாக அவள் கேட்ட குரல்.

பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அக்கா. அடிபட்ட இடத்தில் தைலம் தேய்த்துத் தேய்த்து, அந்த வாசனையோடே வளைய வருவாள்.

"புள்ளையத் தூக்கிக்கினு போயிடு," என்றது அந்தக் குரல், மூச்சு வாங்கியபடி. "போடி. நாந்தான் வாங்கிக்கிறேன்ல?"

சத்யா பாய்ந்து மகளை வாரி முன் சீட்டில் தள்ளினாள். இறங்கி, சிலம்பரசனைத் தரையில் இழுத்துவந்து எப்படியோ ஏற்றினாள். வண்டிக்குள் பின்னால் அடி விழுந்துகொண்டே இருந்தது. சாவியைத் திருகினாள். வண்டி நகரும்போது பின்பக்கம் சட்டென்று பாரம் குறைந்து நிமிர்ந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மண்ணில் ஒரு நீண்ட தடம் விழுந்துகொண்டே போனது. யாரையோ முடியைப் பிடித்துத் தரதரவென்று, கதவில்லாத அந்தப் பக்கத்து வீட்டு வாசலுக்குள் இழுத்துப் போகிற தடம்.

ஆஸ்பத்திரியில் சிலம்பரசனின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். நெற்றியில் தையல். சத்யாவின் உதட்டிலும் தையல் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, சிலம்பரசன் கண்ணை மூடியபடியே, "பலாப்பழம் விழுந்துச்சு சார்," என்றான். டாக்டர் நம்பவில்லை. ஆனால் வேறொன்றும் கேட்கவும் இல்லை.

விஷயம் தெரிந்து வீராயி கடையை அடைத்துவிட்டு ஓடிவந்தாள். கையில் ஒரு பிளாஸ்க்கில் பால். இசைப்பிரியாவை மடியில் போட்டு அதைப் புகட்டினாள். குழந்தை தூங்கிய பிறகு, தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொன்னேனே கேட்டியாடி?"

"அது ஜெயராமன் அண்ணன்தானே க்கா? எங்க பக்கத்து வீட்டு..."

"அண்ணனாம் அண்ணன்! அந்தப் படுபாவிதான்." வீராயி குரலைத் தணித்தாள். "பர்மனென்ட் வேலை, கை நெறைய சம்பளம். ஆனா சந்தேகம். ஷிப்டு முடிஞ்சி வந்ததும், எவன்டி வந்தான்னு கேட்டுக்கினே அடிப்பான். அவளைக் கம்மாபுரத்துல இருக்குற அம்மா வூட்டுக்குக்கூட அனுப்ப மாட்டான். நீங்க காலி பண்ணிக்கினு போன பொறவு கேக்க ஆளே இல்லாம போச்சி."

வீராயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி நாளு ஒரு பையில துணிய எடுத்துக்கினு ஏங்கடைக்கு ஓடியாந்தா. கம்மாபுரம் பஸ் போயிடுச்சா அக்கான்னு கேட்டா. ஒக்காருடின்னு டீ குடுத்தேன். கம்மாபுரம் பஸ்ஸுக்கு முன்னாடி ஷிப்ட் பஸ் வந்துடுச்சி. எறங்கினான். முடியப் புடிச்சான். இழுத்துக்கினு போனான். ரோடு முழுக்க ஆளு நின்னுது, சத்யா. புருசன் பொண்டாட்டி விவகாரம்னு ஒருத்தரும் கிட்டப் போவல. அன்னிக்கே அடிச்சிக் கொன்னுட்டான்."

"அவன்?"

"ஜெயில்ல செத்தான். செத்து என்னா பிரயோஜனம்? வேலைக்குப் போறவன் மாதிரி தெனம் ரெண்டு மணிக்கு வரானே."

"அக்கா?"

"அவ எங்கடி போவா? செத்தும் அவங்கிட்டயே அடி வாங்கிக்கினு கெடக்கா."

சத்யா தூங்கும் மகளைப் பார்த்தாள். அந்தச் சின்ன நெற்றியில் விழுந்திருக்க வேண்டிய அடி. இந்த நேரம் ராஜாம்பாள் அக்கா அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

"கம்மாபுரத்துல அவங்க வீடு எங்க க்கா?"

"ஊருக்குள்ள போனதும் அய்யனார் கோயிலத் தாண்டி ஓட்டு வூடு. அம்மா போயிட்டா. அண்ணந்தம்பி திருப்பூருக்குப் பொழைக்கப் போயிட்டானுங்க. பூட்டித்தான் கெடக்கு. ஏன் கேக்குற?"

"சும்மாதான். புள்ளையப் பாத்துக்கோங்க. மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

அந்தப் பொய்யை ஆண்டவன் பாவமாக எழுதியிருக்க மாட்டான்.

அந்தி சாயும் நேரம். பிளாக்குக்குள் விளக்கு கிடையாது. ஆஸ்பத்திரிக் காவலாளியின் உதவியோடு கயிறு கட்டி நிறுத்திய கதவு, வண்டி ஓட ஓடத் தடதடத்தது. பலா மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது.

தொம்.

சற்று இடைவெளி.

தொம்.

காலியாகக் கிடந்த பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நடுநடுவே அதே முனகல். ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒற்றைச் சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

சத்யா மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். திரும்பிவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. வாயில் வந்த தெய்வத்தின் பெயரையெல்லாம் சொன்னாள். இன்ஜினை அணைக்காமல் போய், கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள். பிறகு ஓட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தையல் போட்ட உதடு கிழியக் கிழிய, பஸ் நிறுத்தத்தில் கூப்பிடுவது போல உரக்கக் கூப்பிட்டாள்.

"அக்கா! கம்மாபுரம் போற வண்டி! ஏறுங்க!"

சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம் எதுவும் அசையவில்லை.

பிறகு வெறுங்கால்கள் ஓடிவரும் ஓசை. சருகு நொறுங்கியது. அதற்குப் பின்னால் பூட்ஸ்.

வண்டி சாய்ந்தது. தைல வாசனை உள்ளே வந்தது.

சத்யா மிதித்தாள்.

பின் கண்ணாடி வெடித்தது. கூரைமேல் கம்பி விழுந்தது. தகடு அவள் தலைக்கு மேலே குழிந்து குழிந்து இறங்கியது. அவள் பக்கத்து ஜன்னல் நொறுங்கி, துண்டுகள் கன்னத்தில் குத்தின. அந்தச் சொரசொரத்த கை உள்ளே நுழைந்து அவள் கழுத்தைப் பற்றியது. "எவன்டி? எவங்கூடடி போற?" என்று காதருகே மூச்சு அடித்தது. கண் இருண்டது. அயர்லாந்தின் குறுகலான பாதைகளில், கடற்காற்று வண்டியைப் புரட்டப் பார்த்தபோதும் ஸ்டியரிங்கை விடாத கைகள் அவளுடையவை. இப்போதும் விடவில்லை. பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. எலும்பு முறிந்த, குளிர்ந்த, மெலிந்த கை. அவள் கழுத்திலிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

மூடிக் கிடந்த வீராயியின் டீக்கடை வந்தது. பக்கத்தில் பஸ் நிறுத்தம்.

வண்டி நிற்காமல் அதைத் தாண்டியது.

பிடி விட்டுப்போனது. எதனால் என்று யாருக்குத் தெரியும்? முன்பு ராஜாம்பாள் அந்த இடத்தைத் தாண்டிப் போனதே இல்லை, அவ்வளவுதான். பக்கக் கண்ணாடியில் பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பம் தெரிந்தது. யாரோ வெறி பிடித்து அடிப்பது போல அது அதிர்ந்து, வளைந்து, கடைசியில் தரையோடு மடிந்தது.

அதன் பிறகு சாலை அமைதியாக இருந்தது. தூரத்தில் சுரங்கத்தின் விளக்குகள். அறுவடை முடிந்த வயல்கள். உடைந்த ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வந்தது. பின்னால் யாரோ மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சத்யா திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தினால் இல்லை. நைந்துபோன ஒரு பெண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது என்ற மரியாதையினால்.

"காத்து ரொம்ப அடிக்குதா க்கா?"

வெகுதூரம் போன பிறகு, பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தவள் கேட்பது போல ஒரு குரல் கேட்டது.

"வந்துடுச்சா?"

"இதோ வந்துடுச்சி க்கா."

கோயிலைத் தாண்டியதும் ஓட்டு வீடு இருந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகள் காலி. நாய்கூடக் குரைக்கவில்லை. கதவில் துருப்பிடித்த பெரிய பூட்டு தொங்கியது. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

சத்யா இறங்கி வண்டிக் கதவைத் திறந்தாள். காலால் புல்லை மிதித்து, வாசல்வரை ஒரு சின்னப் பாதை போட்டாள். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

படியின் பாரம் குறைந்தது. வண்டி மெதுவாக நிமிர்ந்தது.

நன்றி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை ரொம்பச் சின்னதாகத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். சாவியில் கைவைத்தபோது, வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

வெளிப்பூட்டு அசையாமல் அப்படியே தொங்கியது.

பூட்டிய கதவுக்கு உள்ளே, யாரோ நிதானமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.